பெரிய டாக்டரை ஆபரேஷன் தியேட்டரிலேயே விடுங்கள்

புதுச்சேரி சுகாதாரத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவமனையை நிர்வகிக்கும் கண்காணிப்பாளர் பதவி காலியானால் டாக்டர்களின் சீனியாரிட்டி பட்டியலில் முதல் பெயருக்கு ஆணை போடும் வழக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இருப்பதால்தான் சிபாரிசு கொஞ்சமாவது அடங்கியிருக்கிறது. ஆனால் நான் பணியாற்றிய ஓர் இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். அருமையான சர்ஜன் ஒருவர். விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்தெல்லாம் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். முறை வந்தது, கண்காணிப்பாளர் ஆனார். அப்புறம் நாள் முழுக்க ஜெனரேட்டர் டீசல், துப்புரவு ஒப்பந்தம், உடைந்த கட்டில்களைக் கழிக்கும் கோப்பு. தியேட்டர் பக்கமே வர முடியவில்லை. கோப்புகளும் நகரவில்லை, அந்த வேலையை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

மருத்துவக் கல்லூரிகளிலும் இதே கதைதான். உதவிப் பேராசிரியராக 4 ஆண்டு, இணைப் பேராசிரியராக 3 ஆண்டு, அச்சான ஆய்வுக் கட்டுரைகள், கற்பிக்கவும் ஆராயவும் அடிப்படைப் பயிற்சி. பேராசிரியராகத் தேசிய மருத்துவ ஆணையம் பொதுவாகக் கேட்பது இவ்வளவுதான். இரவு 2 மணிக்கு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) பயமில்லாமல் போன் செய்யக்கூடிய ஆளா என்று யாரும் பார்ப்பதில்லை. (வார்டில் எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி.) சீஃபை எழுப்பத் தயங்கி, விடியட்டும் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மத்திய அரசின் பெரிய மருத்துவ நிறுவனங்களான டெல்லி எய்ம்ஸிலும் சண்டிகர் பிஜிஐயிலும் துறைத் தலைமை சுழற்சி முறையில் வர வேண்டும் என்று பேராசிரியர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். மத்திய சுகாதாரப் பணி மருத்துவர்கள் 65 வயது வரை பணியில் இருக்கலாம், நிர்வாகப் பதவி மட்டும் 62 வரைதான். நாற்காலியை விட்டுவிட்டு நோயாளியிடம் திரும்புவது அங்கே விதியிலேயே இருக்கிறது. இங்கே மட்டும் அதை ஏன் பதவியிறக்கம் போலப் பார்க்க வேண்டும்?

கண்காணிப்பாளர், துறைத் தலைவர் பதவிகளுக்கு 3 ஆண்டு வரம்பு வையுங்கள். பட்டியலில் முன்னால் இருக்கும் ஐந்து பேரிடமாவது விருப்பம் கேளுங்கள். வேண்டாம் என்பவருக்குச் சம்பளமோ பதவி உயர்வோ குறையக் கூடாது. இது இல்லையென்றால் யாரும் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பொறுப்பேற்கும் முன் ஒரு மாதமாவது கணக்கு, கொள்முதல், ஆள் நிர்வாகம் பழகட்டும். தேர்வுக் குழுவில் மூத்த செவிலியர் ஒருவரையும் சேருங்கள். யார் நேரத்துக்கு ரவுண்ட்ஸ் வருகிறார், யார் போனை எடுப்பதில்லை என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.