அட்வான்ஸ் திரும்பி வராதபோது

அன்பு மகளே,

வீட்டைக் காலி செய்து இரண்டு மாதமாகியும் அட்வான்ஸ் வரவில்லை, "இதுக்கெல்லாம் கோர்ட்டுக்கா போவாங்க?" என்று எழுதியிருந்தாய். கோர்ட்டு கடைசிப் படி. ஆனாலும் இது சட்டப் பிரச்சினைதான். 2019-இல் வெளியான 101 நாடுகளின் கணக்கெடுப்பு ஒன்றில், முந்தைய இரண்டு ஆண்டுக்குள் இப்படி ஏதோ ஒரு சட்டப் பிரச்சினையில் சிக்கியிருந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர். அவர்களில் ஆலோசனை கேட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கேட்டவர்களும் பெரும்பாலும் வீட்டாரையோ நண்பர்களையோதான் கேட்டிருக்கிறார்கள், நீ என்னைக் கேட்ட மாதிரி.

முதலில் ஒரு தாளில் தேதிவாரியாக எழுது: பணம் கொடுத்த நாள், காலி செய்வதாகச் சொன்ன நாள், சாவி கொடுத்த நாள், வீட்டுக்காரர் என்றைக்கு என்ன சொன்னார். ஒவ்வொன்றுக்கும் எதிரில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று குறி. ஆதாரம் இல்லாத வரிதான் நாளை அவர் மறுக்கப்போகும் வரி. ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் எண்ணும் தெரிய வேண்டும். வெட்டி ஒட்டாதே, மூல உரையாடலை அழிக்காதே. போனில் பேசினால், வைத்த கையோடு "இன்று பேசியபடி, இத்தனாம் தேதிக்குள் தருவதாகச் சொன்னீர்கள்" என்று ஒரு செய்தி அனுப்பு. பலருடைய வழக்கு பலவீனமாவது இங்கேதான். எல்லாம் வாய்ப்பேச்சிலேயே முடிந்திருக்கும்.

அடுத்தது தொகை. நிலுவைக் கரண்ட் பில்லையும் நீ உண்மையிலேயே உடைத்ததையும் நீயே கழித்துவிடு. சுவரின் நிறம் மங்கியது போன்ற புழக்கத் தேய்மானத்துக்குப் பொதுவாகப் பிடிக்க முடியாது. பிடித்தால் ரசீது கேள்.

பிறகு ஒரே பக்கத்தில் கடிதம்: நடந்தது, கேட்கும் தொகை, 14 நாள் கெடு, எந்தக் கணக்கில் போட வேண்டும், போடாவிட்டால் எங்கே முறையிடுவாய். பெற்றதற்கு ஒப்புகை கிடைக்கும் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பு. திட்டாதே. "போலீசுக்குப் போவேன்" என்று பணத்துக்காக மிரட்டுவது உன் மீதே திரும்பலாம்.

பாதிப் பணத்தை நீட்டி "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துக் கேட்பார். போட்டால் மீதி போயிற்று. "பகுதித் தொகை பெற்றேன், பாக்கி இவ்வளவு" என்று எழுதித் தா. சமரசத்துக்கு உட்கார்ந்தாலும் தவணைத் தேதிகளும், தவறினால் என்ன என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

வழக்குப் போட எத்தனை காலம் இருக்கிறது என்பதை இப்போதே இலவசச் சட்ட உதவி மையத்தில் கேட்டுவிடு. ஊருக்கு ஊர், விஷயத்துக்கு விஷயம் அது மாறும். "தருகிறேன், தருகிறேன்" என்று அவர் இழுப்பதால் மட்டும் வழக்குப் போடும் கெடு நீண்டுவிடாது. அவருடைய சரியான பெயரும் விலாசமும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா பார். ஜெயித்தாலும் வசூல் தனி வேலை, அதற்கும் அந்த விவரம் வேண்டும்.

கடிதத்தை எழுதியதும் அனுப்பிவிடாதே. ஒரு ராத்திரி வைத்திருந்து எனக்கு அனுப்பு, கோபமான வரிகளை அடித்துத் தருகிறேன்.

அம்மா