எங்கள் பெயரில் ஒரு வீடு: கேரள அரசுக்கு ஒரு மடல்

மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கும் வருவாய்த் துறைப் பெரியோர்களுக்கும் வணக்கம்.

மூணாறில் மழை பிடித்துவிட்டது. போன வாரம் எங்கள் லயத்துக்கு, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுத்திருக்கும் வரிசை வீடுகளுக்கு, ஒரு நோட்டீஸ் வந்தது. மலைச்சரிவு அபாயம் இருக்கிறதாம், மழை முடியும்வரை உறவினர் வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். ஐயா, எங்கள் உறவினர்கள் எல்லாரும் லயத்தில்தான் இருக்கிறார்கள். எந்த லயத்துக்குப் பின்னாலும் ஒரு மலை இருக்கிறது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 70 உயிர். மின்சாரமும் போனும் இல்லாமல், விடிந்த பிறகுதான் சேதியே வெளியே போனது. கயத்தாறு பக்கமிருந்து தேயிலைக் காட்டுக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அந்த மண்ணுக்குள் போனார்கள். மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து. அங்கே இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். அவர்களுக்குக் கொடுத்ததில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் உயிருக்குப் போட்ட அந்தப் பாதிக் கணக்கு இன்னும் மனசில் ஆறவில்லை.

சரி, பணத்தை விடுங்கள். நான் கேட்க வந்தது வீடு.

என் அம்மா 34 வருஷம் கொழுந்து எடுத்தவர். அவர் ஓய்வு பெறும் நேரம் வந்தபோது, வீட்டிலிருந்து ஒருவர் எஸ்டேட்டில் சேர்ந்தால்தான் லயத்தில் இருக்கலாம் என்றார்கள். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த அண்ணன் படிப்பை விட்டுவிட்டு தேயிலைக்கு மருந்தடிக்கும் டப்பாவை முதுகில் மாட்டினான். அவன் கல்யாணத்தின்போது திண்ணையைத் தகரம் வைத்து அடைத்து ஓர் அறையாக்கினோம். அந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கம் மலை. இப்போது மழை பெய்தால் அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்து, விடியும்வரை உட்கார்ந்தே இருக்கிறார். அபாயம் என்று தெரிந்தும் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள் என்று நோட்டீஸ் கொண்டுவந்தவர் கேட்டார். வேலை போனால் வீடும் போய்விடும் என்பதுதான் பதில்.

பெட்டிமுடியில் தப்பியவர்களில் 8 குடும்பங்களுக்குக் குட்டியார்வாலியில் வீடு கிடைத்தது. வயநாட்டு மலைச்சரிவில் வீடிழந்தவர்களுக்குக் கல்பற்றாவில் குடும்பத்துக்கு 7 சென்ட் நிலத்தில் வீடு என்று முடிவெடுத்தீர்கள். நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். அதையே மலை சரிவதற்கு முன்னால் செய்யக் கூடாதா? லயத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பெயரில், பட்டாவோடு, வேலையோடு கட்டிப்போடாத ஒரு வீடு கொடுங்கள்.

இத்தனை தலைமுறைக்குப் பிறகும் சாதிச் சான்றிதழுக்குப் போனால், 1950க்கு முன்பே இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்கிறார்கள். தாத்தா பேரில் ஒரு சென்ட் நிலமாவது இருந்திருந்தால் அந்தக் காகிதமும் இருந்திருக்கும். எதை எடுத்தாலும் இந்த நிலத்தில்தான் வந்து நிற்கிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான், பட்டாவோடு ஒரு வீடு. அடுத்த மழைக்கு முன்னால் இடம் அளக்கும் வேலையையாவது தொடங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், அந்த நோட்டீஸ் முழுக்க மலையாளத்தில் இருந்தது. அரசோடு தமிழில் எழுதிக்கொள்ள 1969 ஆட்சிமொழிச் சட்டம் எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. இதற்கான பதிலைத் தயவுசெய்து தமிழில் அனுப்புங்கள். அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
தேவிகுளம் தாலுகா லயத்தில் பிறந்த ஒருத்தி