நம் கடை வீடியோவின் பிட்ரேட் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர் பெருமக்களுக்கு வணக்கம்.

ஆனி மாதக் கடைசியிலிருந்து கும்பகோணத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. நம் கடையில் கொடுத்த ரிசப்ஷன் வீடியோவின் விவரப் பக்கத்தை யாரோ போட்டோ பிடித்து, ‘எட்டு என்று சொல்லி ஐந்து கொடுக்கிறார்கள்’ என்று மேலே எழுதியிருக்கிறார்கள். எட்டு, ஐந்து என்பதெல்லாம் பிட்ரேட், அதாவது ஒரு வினாடி வீடியோவுக்குச் செலவாகும் தகவலின் அளவு, மெகாபிட் கணக்கில். அதை எனக்கே 4 பேர் அனுப்பிவிட்டார்கள். ஒருவர் என் சொந்த மச்சான்.

ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது. உட்கார்ந்து முழுசாக விளக்கிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில், என் தவறு என்று மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வைகாசியில் ஒரு வீட்டுக் கல்யாணத்தில் முகூர்த்தப் பகுதி 57-ஆவது நிமிடத்தில் நின்றுபோனது. தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்! அந்த அம்மா கடைக்கு வந்து நின்றபோது எனக்குப் பேச வாய் வரவில்லை. காரணம் இதுதான். பழைய டிவிகளுக்கும் ஓடட்டும் என்று பென் டிரைவை ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில்தான் தயார் செய்கிறோம். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வினாடிக்கு 8 மெகாபிட் என்றால் 1 மெகாபைட். நாம் வீடியோவைப் பிரித்துப் போடும் 65 நிமிடத் துண்டு, ஒலியையும் சேர்த்து, அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்தக் கல்யாணத்தில் கேமராக்கள் வினாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனித்தனிப் படம், எடுத்திருந்தன. வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் என்கோடர் மென்பொருளில் மட்டும் பழைய 25 அப்படியே கிடந்தது. அது ஒரு ஃபிரேமுக்கு 3,20,000 பிட் என்று கணக்குப் போட்டு, 25 பேருக்கு அளந்த சோற்றை 30 பேருக்குப் போட்டுக்கொண்டே போனது. எட்டு, 9.6 ஆகிவிட்டது. நேரடியாகப் பென் டிரைவிலேயே எழுதவைத்ததால் எல்லை வந்த இடத்தில் எழுத்து நின்றது. மறுநாளே சரியான பிரதியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். 9 வருடம் நம்மிடம் எடிட்டிங் பார்த்தவர் பங்குனியில் வெளிநாடு போய்விட்டார், புதுத் தம்பி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் தம்பி மேல் பழி போட மாட்டேன். செட்டிங்கைப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

சரி, இப்போது அந்த ‘ஐந்து’. இதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. வெட்டுப்பட்ட வீடியோவைத் தவறு என்று சொன்னால் ஏற்கலாம். பிட்டைத் திருடிவிட்டான் என்று சொன்னால் எப்படி ஏற்பது? பிட்டை மிச்சம் பிடித்து நான் என்ன செய்வேன், கிலோ கணக்கில் விற்கவா? 16 ஜிபி பென் டிரைவ் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் எனக்கு விலை ஒன்றுதான்.

கேசட் காலத்திலிருந்து நம்மிடம் வருகிறவர்களுக்கு மினி டிவி டேப் ஞாபகம் இருக்கும். அதில் வினாடிக்கு 25 மெகாபிட். சுவரைப் படம் எடுத்தாலும் சரி, கெட்டிமேளத்தை எடுத்தாலும் சரி, அதே 25. சண்டையே கிடையாது. இப்போதைய எச்.264 என்ற சுருக்கும் முறை அப்படியில்லை. அசையாத காட்சிக்குக் கொஞ்சம் பிட் போதும், ஹோமப் புகைக்கும் அட்சதை மழைக்கும் நிறைய வேண்டும். நாம் சொல்லும் எட்டு என்பது சராசரி. அந்தச் சராசரியைப் பிடிப்பது என்கோடரின் பொறுப்பு.

நம் கடையில் இதுவரை சிங்கிள் பாஸ் முறையில்தான் செய்துவந்தோம். வீடியோவை ஒரே தடவை, தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓட்டி முடித்துவிடுவது. எத்தனை பந்தி வரும் என்று தெரியாமல் முதல் பந்திக்குப் பரிமாறுகிற சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். கை தாராளமாகப் போனால் கடைசிப் பந்திக்குப் பாயசம் இருக்காது, பயந்து பயந்து போட்டால் அண்டாவில் மிஞ்சும். சிங்கிள் பாஸ் என்கோடரும் முன்னால் வருவது தெரியாமல், இதுவரை செலவழித்ததை மட்டும் பார்த்து அடுத்த ஃபிரேமுக்கு அளக்கிறது.

அந்த ரிசப்ஷன் துண்டையே எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். முதல் 15 நிமிடம் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட்டம், சுழலும் விளக்கு, காகிதப் பூத்தூவல். அங்கே பிட்ரேட் சராசரியாக 8.3 வரை போகிறது. அப்புறம் 40 நிமிடம் மேடை. கேமரா முக்காலியில், விருந்தினர் வரிசை, பின்னணியில் அசையாத பூ அலங்காரம். கடைசி 10 நிமிடம் போட்டோ ஆல்பம். இந்த 50 நிமிடத்தின் சராசரி 4.4-ஐத் தாண்டவில்லை. மொத்தச் சராசரி 5.3. பழைய எடிட்டர் ஒரு வரம்பு வைத்திருந்தார்: குவான்டைசர், அதாவது படத்தை எவ்வளவு அழுத்திச் சுருக்குவது என்கிற எண், 18-க்குக் கீழே இறங்க வேண்டாம் என்று. அந்த எண் குறையக் குறையப் படம் நுணுக்கமாகும், பிட் அதிகமாகும். 18-க்குக் கீழே போனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்பது அவர் கணக்கு, அதில் தப்பும் இல்லை. முக்காலிக் காட்சியில் என்கோடர் அந்த வரம்பைத் தொட்டு நின்றுவிட்டது. எட்டைச் செலவழிக்கச் சொன்னாலும் செலவழிக்க இடமில்லை.

முதலில் இதை 2 நிமிடத் துண்டு வைத்துத்தான் சோதித்தேன். அது என் அவசரம். சிங்கிள் பாஸில் துண்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவு கணக்கு தவறும், ஏனென்றால் ஆரம்பத்தில் போட்ட ஊகத்தைத் திருத்திக்கொள்ள அதற்கு நேரமே கிடைப்பதில்லை. 6.9, 9.1 என்று ஏதேதோ எண் வந்து ஒரு நாள் வீணாயிற்று. இன்னொன்றும் சொல்லவேண்டும். மீடியா இன்ஃபோ மாதிரியான மென்பொருளில் பார்த்தால் இரண்டு எண் தெரியும், நாம் கேட்ட நாமினல் 8, உண்மையில் வந்த 5.3. படத்தில் வட்டம் போட்டிருந்தது இதைத்தான். ஏமாற்ற நினைப்பவன் இரண்டையும் உள்ளே எழுதி வைப்பானா?

எட்டு என்று காட்ட ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. நிரப்புப் பிட்களை உள்ளே கொட்டிவிட்டால் எண் எட்டாகிவிடும், படம் ஒரு புள்ளிகூட மாறாது. நெல் மூட்டையில் பதரைச் சேர்த்து எடை காட்டுகிற வேலை அது. அதைச் செய்யச் சொல்லி யோசனை சொன்னவர்களும் உண்டு. நான் செய்யமாட்டேன்.

ஆனால் ஒரு இடத்தில் என் நியாயம் வழுக்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டக் காட்சியில், விளக்கு வேகமாகச் சுழலும் இடங்களில், படம் கட்டம் கட்டமாக உடைகிறது. 65 அங்குல டிவியில் நன்றாகவே தெரிகிறது. பின்னால் 50 நிமிடம் சும்மா கிடக்கப்போகிறது என்று என்கோடருக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பிட்டையெல்லாம் இங்கே கொட்டியிருக்கும். தெரியாததால் இங்கே கஞ்சத்தனம் செய்தது, அங்கே மிஞ்சியதைச் செலவழிக்க ஆளில்லை. அந்தக் குடும்பத்தாரின் கோபத்தில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அவர்களுக்குப் புதுப் பிரதி தயாராகிவிட்டது.

ஆகவே ஆவணி முகூர்த்தங்களிலிருந்து டூ பாஸ் முறைக்கு மாறுகிறோம். முதல் ஓட்டத்தில் என்கோடர் எந்தக் காட்சி எவ்வளவு கடினம் என்று குறித்துக்கொள்ளும், இரண்டாவது ஓட்டத்தில் பார்த்துப் பங்கிடும். உச்ச அளவுக்கும் ஒரு கட்டு வைத்திருக்கிறோம், பழைய டிவி திணறாமல் இருக்க. துண்டுகள் இனி 65 நிமிடத்துக்குப் பதில் 40. ஃபிரேம் எண்ணிக்கையை எடிட்டிங்கிலும் என்கோடரிலும் சரிபார்க்க ஒரு தாளே அடித்துச் சுவரில் ஒட்டியாயிற்று. கோப்பை முதலில் கம்ப்யூட்டரில் எழுதி, கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பென் டிரைவுக்கு மாற்றுவோம். டூ பாஸிலும் முழுக்க மேடையும் ஆல்பமுமாக இருக்கிற துண்டு எட்டைத் தொடாமல் போகலாம். அப்போது எனக்குப் போன் செய்யுங்கள், குழுவில் போடுவதற்கு முன்னால்.

இதனால் பென் டிரைவ் உங்கள் கைக்கு வர 30 நாளுக்குப் பதில் 45 நாள் ஆகும். போன தை மாதத்துக்கு முந்தைய நிகழ்ச்சிகளின் மூலக் காட்சிகளை அழித்துவிட்டதால் அவற்றைத் திரும்பச் செய்து தர வழியில்லை.

இந்தக் களேபரத்திலும் கடைக்கு வந்து, ‘அண்ணே, எங்க வீட்டு வீடியோ நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனவர்களை மறக்கமாட்டேன். தன் காதுகுத்தை நாம் எடுத்த பிள்ளை இப்போது தன் மகனின் காதுகுத்துக்கு நம்மைத்தான் கூப்பிட்டிருக்கிறது. ஒரு பாட்டி, அந்தப் படத்தைப் போட்ட குழுவிலேயே எனக்காகக் குரல்பதிவில் 3 நிமிடம் சண்டை போட்டிருக்கிறார். பிட்ரேட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. நான் அவருக்குக் கடன்பட்டவன்.

தைக்குப் பிறகு நிகழ்ச்சி நடந்தவர்கள், ஆட்டம் பாட்டத்தில் படம் உடைகிறது என்று தோன்றினால் பென் டிரைவைக் கொண்டுவாருங்கள், கட்டணம் இல்லாமல் மாற்றித் தருகிறோம். வரும்போது வீட்டு டிவி எந்த வருடம் வாங்கியது என்று பார்த்துக்கொண்டு வந்தால் நல்லது. ஞாயிறு மதியம் வேண்டாம், தம்பி சாப்பிடப் போயிருப்பார், எனக்குத் தனியாகக் கணக்குப் பார்க்கத் தெரியாது.

என்றும் உங்கள்,
கடைக்காரர்