கூச்சப்படுற பூனைக்குத் தரையில இடம் தேடாதீங்க, சுவத்தப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புல அடிக்கடி ஒரு மெசேஜ் வருது, "பூனை வளத்தோம், யார்கிட்டயும் ஒட்ட மாட்டேங்குது, எப்பப் பாத்தாலும் கட்டிலுக்கு அடியிலயே கெடக்கு, வீடும் சின்னது, யாராவது எடுத்துக்கோங்க"ன்னு. யாரும் எடுத்துக்கலன்னா என்ன நடக்குதுன்னு நமக்கெல்லாம் தெரியும், மீன் மார்க்கெட் பக்கமோ கோயில் பக்கமோ கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுறாங்க. வீட்டுக்குள்ளயே வளந்த பயந்த பூனை அங்க தாக்குப்பிடிக்காது. பசியிலயும் தாகத்துலயும் கஷ்டப்படுற நெலமைல ஒரு பிராணிய நியாயமான காரணம் இல்லாம விட்டுட்டுப் போறது 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டத்தோட 11-வது பிரிவுப்படி குற்றம், ஆனா முதல் தடவைக்கு அபராதம்னு ரொம்ப காலமா இருந்துட்டு வர்றது 10 ரூபாயிலேருந்து 50 ரூபா வரைக்கும்தான், அதனால யாரும் அதுக்குப் பயப்படுறதில்ல. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், இந்தப் பூனைங்கள்ல பாதிக்கு மேல குடுக்கவே வேண்டாம், அதே வீட்டுல நல்லா இருக்கும்னு நான் நம்புறேன், அதச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம்ம ஊர்ல வீட்ட சதுர அடியிலதான் அளக்குறோம். சிங்கிள் பெட்ரூம், 500 சதுர அடி, இதுல எங்கங்க பூனைக்கு இடம்னு கேக்குறாங்க. அதே வீட்டுல பத்தடி உயரத்துக்கு நாலு பக்கமும் சுவரு சும்மா நிக்குது, நமக்கு அதுல காலண்டரும் கடிகாரமும் மாட்டுறதத் தவிர வேற வேலை இல்ல, ஆனா பூனைக்கு அதுதான் வீடே. பூனை வேட்டையாடுற பிராணின்னு எல்லாருக்கும் தெரியும், அது தன்னவிடப் பெரிய பிராணிங்களுக்கு இரையாவும் இருந்ததுதான், அதனால நாலு பேரு நடமாடுற இடத்துல தரையில உக்காந்திருக்கிறது அதோட உடம்புக்கே ஒத்துக்காது, ஏதாவது பின்னாடிலேருந்து வந்துடுமோன்னு பதறிக்கிட்டே இருக்கும். கட்டிலுக்கு அடியில போனா யாரும் தொட மாட்டாங்க, சரி, ஆனா அங்கேருந்து அதுக்குத் தெரியுறது நம்ம பாதம் மட்டும்தான். மிக்ஸி சத்தம் கேக்குது, காலிங் பெல் அடிக்குது, பிள்ளைங்க ஓடுற சத்தம் கேக்குது, எதுவுமே என்னன்னு புரியாது, பயம் எப்படிக் கொறையும்? இதே பூனை ஆறடி உயரத்துல முதுக சுவத்துல சாச்சு உக்காந்தா மிக்ஸிய யாரு போடுறா, கதவத் தொறந்தா யாரு வர்றா, எப்பப் போறா எல்லாத்தையும் பாக்குது, தினமும் பாத்துப் பாத்து இதுல நமக்கு ஆபத்து எதுவும் இல்லன்னு அதுவே தெரிஞ்சுக்குது.

இது என்னோட அனுமானம்னு நெனைச்சுடாதீங்க. 2013-ல ரெண்டு பூனை மருத்துவர் அமைப்புங்க சேந்து வீட்டுப் பூனைக்கு என்னென்ன தேவைன்னு ஒரு வழிகாட்டி போட்டாங்க, அதுல முதல் விஷயமே பத்திரமான ஒரு இடம்தான், சாப்பாடு தண்ணியெல்லாம் அதுக்கு அப்புறம்தான். 2014-ல நெதர்லாந்துல உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க காப்பகத்துக்குப் புதுசா வந்த பூனைங்கள்ல சிலதுக்கு மட்டும் ஒளிஞ்சுக்க ஒரு பெட்டி குடுத்துப் பாத்தாங்க, பெட்டி கெடைச்ச பூனைங்களுக்கு ஆரம்ப நாட்கள்லயே பதற்றம் நல்லா கொறைஞ்சிருந்துச்சு. ஒளிய இடம் குடுத்தா ஒளிஞ்சே கெடக்கும்னு நெனைக்கிறவங்க இதக் கவனிக்கணும். இன்னொண்ணு, குட்டி பொறந்து ரெண்டாவது வாரத்துலேருந்து ஏழாவது வாரம் வரைக்கும்தான் மனுஷங்கள நல்லா பழகிக்கிற பருவம், அதத் தாண்டி தெருவுலேருந்து எடுத்துட்டு வந்த குட்டி ஆயுசுக்கும் கொஞ்சம் கூச்சமாவே இருக்கலாம், அது அன்பில்லாத பூனைன்னு அர்த்தம் இல்ல. ஒரு விஷயம் மட்டும் சொல்லிடுறேன், நல்லா பழகிட்டிருந்த பூனை திடீர்னு போய் ஒளிஞ்சுக்கிட்டு சாப்பிடாம இருந்தா அது கூச்சம் கெடையாது, உடம்புக்கு ஏதோ முடியலன்னு அர்த்தம், மொதல்ல டாக்டர்கிட்ட காட்டணும்.

எங்க வீட்டுப் பொம்மிய வெச்சுத்தான் இதெல்லாம் எனக்குப் பழக்கமாச்சு. சாம்பல் கலர், மூணரைக் கிலோ இருப்பா, வீட்டுக்கு யாராவது வந்தா நேரா பீரோ மேலதான். பீரோவுக்கும் லாஃப்ட்டுக்கும் நடுவுல ஒண்ணரை அடி இடைவெளி இருக்கு பாருங்க, நம்ம ஊரு வீட்டுல எல்லாம் அப்படி ஒரு எடம் இருக்கும், பூனைக்கு அதவிட நல்ல எடம் கெடையாது. மேல தலைய இடிக்காத அளவுக்குக் கூரை, மூணு பக்கம் மறைப்பு, ஒரு பக்கம் மட்டும் தொறந்து ரூம் பூரா தெரியுது. பழைய சூட்கேஸையும் உபயோகிக்காத கிரைண்டரையும் அங்கேருந்து எடுத்துட்டு ஒரு பழைய காட்டன் புடவைய மடிச்சுப் போட்டா பாதி வேலை முடிஞ்சுது, காசே ஆகாது.

மீதிப் பாதி வேலை, மேல ஏற வழி பண்றது, அதவிட முக்கியம் எறங்க வழி பண்றது. இத நெறைய பேரு யோசிக்கிறதில்ல. பூனையோட நகம் உள்பக்கமா வளைஞ்சிருக்கு, ஏறுறப்ப கொக்கி மாதிரி மாட்டிப் பிடிச்சுக்கும், தலைகீழா எறங்குறப்ப அந்தப் பிடி உதவாது. பொம்மி எறங்குறதப் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், முன்னங்கால் ரெண்டையும் பீரோக் கதவு மேல எவ்வளவு முடியுமோ அவ்வளவு கீழ நீட்டுவா, பின்னங்கால் மேலயே ஊனியிருக்கும், உடம்பு நீளமா இழுபட்டு தோள் எலும்பு ரெண்டும் தூக்கிக்கிட்டு நிக்கும், அப்படியே கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு மறுபடி மேல போயிடுவா. நடுவுல ஒரு பலகை வந்ததுக்கு அப்புறம் அந்த யோசனையே இல்ல. தைரியமான பூனை நாலடி உயரத்துலேருந்து குதிச்சுடும், கூச்சப்படுற பூனை எறங்க வழி சரியாத் தெரியலன்னா ஏறவே ஏறாது, இல்ல ஏறிட்டுப் பசியோட மேலயே உக்காந்திருக்கும். அதனால படிக்குப் படி ஒரு அடி, மிஞ்சிப் போனா ஒண்ணேகால் அடி, கொலுப்படி மாதிரி ஒண்ணுக்கு ஒண்ணு தள்ளித் தள்ளி இருக்கணும். வயசான பூனைன்னா இன்னும் கொறைச்சுக்கணும், மூட்டு வலி வந்த பூனை வெளிய காட்டிக்காது, ஏறுறத மட்டும் நிறுத்திடும். ரெண்டு பூனை இருந்தா ரெண்டு வழி வேணும், ஒரே வழியா இருந்தா தாட்டியான பூனை நடுப்படியில உக்காந்துக்கிட்டு இன்னொண்ண எறங்கவே விடாது.

வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது இரும்பு ரேக். மளிகைக் கடையிலயும் ஆபீஸ்லயும் ஃபைல் அடுக்குற, ஓட்டை போட்ட ஆங்கிள் வெச்சு போல்ட் முடுக்குற ரேக் இருக்குல்ல, அதேதான், பழைய இரும்புக் கடையில கெடைக்கும். மூணடி அகலம், ஒண்ணேகால் அடி ஆழம், ஆறேழு அடி உயரம், தட்ட எந்த உயரத்துல வேணும்னாலும் மாத்திக்கலாம், வீடு மாறுறப்ப கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம். தட்டு மேல சாக்கோ பழைய கால்மிதியோ போட்டுக் கட்டணும், வெறும் தகரத்துல குதிச்சா சத்தம் கேட்டே பயந்த பூனை திரும்ப வராது. கூர்மையான முனை இருந்தா தேச்சுவிட்டு டேப் சுத்தணும். ரேக்க ஜன்னல் கிரில்லோட கம்பி போட்டு இறுக்கிக் கட்டணும், இது கட்டாயம், ஒரே ஒரு தடவை ஆடிச்சுன்னாலும் அந்தப் பூனைக்கு அது மேல நம்பிக்கை போயிடும். நடு தட்டுல ஒரு அட்டப்பெட்டிய படுக்க வெச்சா ஒளிஞ்சுக்க எடமும் ஆச்சு. ரேக்கோட ஒரு கால்ல கத்தாழை நார்க் கயிற நெருக்கமா மூணடி உயரத்துக்குச் சுத்துங்க, நல்லா நீட்டி நிமிந்து பிறாண்டணும்னா பூனைக்கு அந்த உயரம் வேணும், சோஃபாவும் பொழைக்கும். தேங்காநார்க் கயிறுன்னா வீடு பூரா தும்பு கொட்டும்.

சுவத்துல பலகை அடிக்க முடிஞ்சவங்க 18 எம்எம் பிளைவுட்ல பத்து பன்னெண்டு இன்ச் அகலத்துக்கு அறுத்து, பலகைக்கு ரெண்டு எல் பிராக்கெட் போட்டா போதும். பூனை நாலு கிலோதானேன்னு சின்ன ஆணில நிறுத்தக்கூடாது, அது ஓடி வந்து குதிக்குற வேகத்துல வெயிட் பல மடங்கு ஏறும், நம்ம கைய ஊனி முழு பலத்தோட அழுத்திப் பாத்தும் அசையாம இருக்கணும். செங்கல் சுவருன்னா சாதாரண பிளக் போதும், புது அபார்ட்மென்ட்ல எல்லாம் எடை கம்மியான ஏஏசி பிளாக்குதான் வைக்கிறாங்க, அதுல சாதாரண பிளக் பிடிக்காது, அதுக்குன்னே தனி ஆங்கர் இருக்கு, ஹார்டுவேர் கடையில பிளாக் சுவருன்னு சொல்லிக் கேட்டு வாங்கணும்.

வெளிநாட்டு வீடியோவப் பாத்து அப்படியே செய்யுறவங்க கவனிக்க வேண்டியது நம்ம சீலிங் ஃபேன். அந்த வீடியோல பூனை நேரா கூரைக்குப் பக்கத்துல நடக்கும், அங்க ஃபேன் இல்ல. நம்ம வீட்டுல 48 இன்ச் ஃபேன் நடு ரூம்ல சுத்துது, நடுவுலேருந்து இறக்கை முனை ரெண்டடிக்கு வரும், சின்ன ரூம்ல சுவத்துக்கும் இறக்கைக்கும் நடுவுல கொஞ்ச எடம்தான் மிஞ்சும். இறக்கைக்கு நேரா பலகை வரவே கூடாது, பல்லியப் பாத்துட்டா பூனை எதையும் யோசிக்காம தாவிடும். மேல் பலகைய ஃபேன் மட்டத்துக்கு நல்லா கீழயே நிறுத்திடுங்க, அஞ்சு ஆறு அடியே அதுக்குத் தாராளம். அதே மாதிரி மே மாசத்துல மொட்டைமாடிக்குக் கீழ இருக்கிற வீட்டுல கூரை ஓரம் அடுப்பு மாதிரி கொதிக்கும், அப்ப அது எறங்கி உக்கார நடு உயரத்துல மறைவா ஒரு எடம் கண்டிப்பா வேணும்.

பால்கனிய மூடாம உயரம் பத்திப் பேசுறதுல அர்த்தமே இல்ல. பூனை எங்கேருந்து விழுந்தாலும் காலூனி நின்னுடும்னு சொல்லிச் சொல்லி எத்தனையோ பூனைங்க போயிடுச்சு. 1987-ல நியூயார்க்ல ஒரு பெரிய மிருக ஆஸ்பத்திரி, மாடியிலேருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைங்களப் பத்தி எழுதினாங்க, சிகிச்சை குடுத்ததுல 90 சதவீதம் பொழைச்சுதுங்கறத மட்டும் எல்லாரும் ஞாபகம் வெச்சிருக்காங்க, விழுந்த எடத்துலயே செத்துப்போனத யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரமாட்டாங்கல்ல, பொழைச்சதுலயும் நெறைய பூனைக்கு நெஞ்சுல அடி, தாடை ஒடைஞ்சு, கால் ஒடைஞ்சு. இப்ப எல்லா வீட்டுலயும் புறாவுக்காக நைலான் வலை கட்டுறாங்க, பூனை மனசு வெச்சா அதக் கடிச்சு ஓட்டை போட்டுடும், கம்பி வலைதான் சரி.

எல்லாம் வெச்சு முடிச்சதும் பூனையத் தூக்கிட்டுப் போய் பலகை மேல உக்கார வைக்காதீங்க, மேல இருக்கிறப்ப கையவிட்டு இழுக்கவும் இழுக்காதீங்க, வந்தவங்களுக்குக் காட்டறதுக்காகக்கூட வேண்டாம். அந்த உயரத்துல யாரும் தன்னத் தொட மாட்டாங்கங்கற நம்பிக்கைதான் அதோட மருந்து. உப்புப் போடாம வேகவெச்ச மத்தி ஒரு துண்ட கீழ்ப்படியில வெச்சுட்டு நகந்துடுங்க, அடுத்த நாள் அதுக்கு மேல் படி. அது உங்களப் பாத்தா முறைச்சுப் பாக்காம கண்ண மெதுவா மூடித் தொறங்க, 2020-ல இங்கிலாந்து சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல செஞ்ச ஆராய்ச்சில இப்படிக் கண்ண மூடித் தொறந்த ஆளுகிட்ட பூனைங்க அதிகமா வந்துச்சுன்னு தெரிஞ்சுது. வாரக்கணக்குல ஆகலாம், மாசக்கணக்குலயும் ஆகலாம், சில பூனை கடைசிவரைக்கும் மடியில உக்காராது, ஆனா நம்ம இருக்கிற ரூம்லயே மேல ஒரு ஓரத்துல கால மடிச்சுத் தூங்கும், நம்மள நம்புதுன்னு அதவிட எப்படிங்க சொல்லும்?

கடைசியா ஹவுஸ் ஓனருங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆணி அடிக்கக்கூடாதுன்னு கண்டிஷன் போடுறீங்க, காலி பண்றப்ப பெயின்ட் அடிக்கணும்னு அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகையையும் பிடிச்சுக்குறீங்க. எப்படியும் பட்டி பாத்துப் பெயின்ட் அடிக்கப் போற சுவருதானே, அதுல நாலு பலகைக்கு ஓட்டை போட அனுமதி குடுத்தா உங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல, வேணும்னா போறப்ப ஓட்டைய அடைச்சுக் குடுக்கணும்னு அக்ரிமென்ட்லயே எழுதிக்கோங்க, வாடகைக்கு இருக்கிறவங்க சந்தோஷமா ஒத்துக்குவாங்க.

ஆசிரியர் அய்யா, தீபாவளி நேரத்துல பட்டாசுச் சத்தத்துக்கு நாய்ங்க படுற பாட்டப் பத்தி எழுதுறீங்க, நல்ல விஷயம். இந்த வருஷம் பூனைங்களுக்கும் கொஞ்சம் எடம் குடுங்க, ஒரு மாசம் முன்னாடியே போட்டா இன்னும் நல்லது, பீரோ மேல எடம் ஒதுக்கி பால்கனிக்கு வலை கட்டி பூனை அதுக்குப் பழகுறதுக்கு அவ்வளவு நாளாவது வேணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.