கைப்பிடியை மாற்ற வேண்டாம், கதவைத் தூக்கி நிறுத்துங்கள்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
பணகுடி,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
யு.பி.வி.சி. ஜன்னல், கதவு தயாரிக்கும் நிறுவனம்,
திருநெல்வேலி.

நாள்: 05.08.2024

பொருள்: இரட்டைக் கண்ணாடி பொருத்திய புறவாசல் கதவிலும் மேற்குப் பக்கத்து ஐந்து ஜன்னல்களிலும் பூட்டு, கைப்பிடி, கீல் ஆகியவை பழுதானது, மூன்று முறை பழுது பார்த்தும் குறை தீராதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2023 ஆவணியில் எங்கள் புது வீட்டுக்குத் தங்கள் நிறுவனம் யு.பி.வி.சி. எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஜன்னல்களையும் புறவாசல் கதவையும் செய்து பொருத்திக் கொடுத்தது. கேட்ட தொகை முழுவதையும் வேலை முடிந்த அன்றே செலுத்திவிட்டேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களையே புரட்டிப் போட்ட பெருமழையில்கூட எங்கள் ஜன்னல் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே இன்றுவரை ஈரமோ புகைமூட்டமோ படியவில்லை. ஆகவே கண்ணாடியிலும் சட்டத்திலும் எனக்குக் குறையில்லை. என் குறையெல்லாம் அவற்றைத் தாங்கி நிற்க வேண்டிய கீல்களிலும், பூட்ட வேண்டிய பூட்டுகளிலும், அவற்றைச் சரிசெய்ய வந்தவர்கள் நோயை விட்டுவிட்டு நோயின் அடையாளத்துக்கு மட்டும் மருந்து போட்டதிலும்தான் இருக்கிறது.

2024 பிப்ரவரியில் புறவாசல் கதவின் கைப்பிடி இறுகத் தொடங்கியது. மேலே தூக்கினால்தான் பூட்டு விழும் வகைக் கைப்பிடி அது. ஒரு கையால் தூக்கியது போய், இரண்டு கையாலும் தூக்க வேண்டியதாயிற்று. தகவல் சொன்னதும் தங்கள் பணியாளர் வந்தார், எண்ணெய் அடித்தார், "கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத் திருப்புங்க சார், பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தரி வெயில் தொடங்கிய மே மாதத்தில் கைப்பிடி ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. இரண்டாவது பணியாளர் அதே அளவில் புதிய கைப்பிடி போட்டு 850 ரூபாய் வாங்கிக்கொண்டார். கதவு ஏன் இறுகுகிறது என்று இருவரும் பார்க்கவில்லை. நானும் அப்போது கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டேன்.

ஜூன் 27, வியாழக்கிழமை நடந்ததைத் தாங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் வள்ளியூரில் பள்ளியில் இருந்தேன். என் தாயாருக்கு வயது 76. சர்க்கரை நோய் உண்டு. காலை பதினொரு மணியளவில், கொடியில் காய்ந்த துணியை எடுப்பதற்காகப் புறவாசலுக்கு இறங்கியிருக்கிறார்கள். இரண்டு எட்டுத் தூரம்தானே என்று காலில் செருப்பு போடவில்லை. மேற்கேயிருந்து அடித்த காற்று, வெளிப்பக்கமாகத் திறந்திருந்த கதவை அறைந்து மூடிவிட்டது. வெளிக் கைப்பிடியை அழுத்தினால், அது பிடிப்பே இல்லாமல் கீழே போய் மேலே வந்ததே தவிரப் பூட்டின் நாக்கு உள்ளே இழுபடவில்லை. முன்வாசல் சாவி என்னிடம் இருந்தது. கைபேசி அடுக்களையில் இருந்தது. சிமெண்ட் தளம் சுட, புழுதி கண்ணில் அப்ப, என் தாயார் கதவைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறார்கள். அடுத்த வீட்டு அம்மாள் சத்தம் கேட்டு வந்து, "ஆச்சி, பயப்படாதீங்க" என்று சொல்லி, சுற்றுச்சுவருக்கு மேலாக ஒரு செம்புத் தண்ணீரையும் தன் காலிலிருந்த செருப்பையும் நீட்டியிருக்கிறார்கள். எனக்குத் தகவல் வந்து நான் வீடு சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. தாயாரின் இரு பாதங்களிலும் கொப்புளம் கண்டிருந்தது. சர்க்கரை நோயாளிக்குக் காலில் கொப்புளம் என்றால் என்ன பொருள் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 29 அன்று வந்த மூன்றாவது பணியாளர், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் செருகி நாக்கைத் தள்ளிக் கதவைத் திறந்தார். கதவின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஓடும் மல்டி பாயிண்ட் லாக்கின் நடுவில், கைப்பிடியின் அசைவைப் பூட்டுக்குக் கடத்தும் கியர் பாக்ஸ் உடைந்திருந்தது. அதை மாற்றி 1,400 ரூபாய் வாங்கினார். அந்தத் தம்பி பொறுமையானவர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நான் வற்புறுத்திக் கேட்டதன் பேரில் கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் உள்பக்கத்துப் பட்டையான பீடிங்கைக் கழற்றிக் காட்டினார். அப்போதுதான் உண்மையான பழுது எங்கே இருக்கிறது என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

கதவுச் சட்டத்துக்குள் கண்ணாடி சும்மா செருகப்படுவதில்லை. கீல் இருக்கும் பக்கத்துக் கீழ் மூலையிலும், அதற்குக் குறுக்கே எதிராக, பூட்டு இருக்கும் பக்கத்து மேல் மூலையிலும் பேக்கர் எனப்படும் பிளாஸ்டிக் முட்டுத் துண்டுகளை இறுக்கி வைக்க வேண்டும். அப்படி வைத்தால் கண்ணாடியே கதவுக்குக் குறுக்குச் சட்டம் போல நின்று, முழு எடையையும் கீல்மீது இறக்கிவிடும். நம் ஊர் ஆசாரிமார் பலகைக் கதவின் பின்னால் சாய்வாக ஒரு சட்டம் அடிப்பதும் இதே கணக்குத்தான். எங்கள் கதவில் அந்த இரண்டு மூலைகளும் வெறுமையாக இருந்தன. கீழே நடுப்பகுதியில் மட்டும் இரண்டு பேக்கர்கள் கிடந்தன. அவற்றில் ஒன்று விரலால் தொட்டதும் நகர்ந்தது. கண்ணாடியின் எடை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. எங்கள் கதவில் 5 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு இருக்கின்றன. அகலம் 72 சென்டிமீட்டர், உயரம் 190 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் கண்ணாடி மட்டுமே 34 கிலோ வருகிறது. ஒற்றைக் கண்ணாடியைப் போல இரண்டு மடங்கான இந்த எடை, முட்டுக்கொடுக்க ஆளில்லாமல் ஓராண்டாகக் கதவைப் பூட்டுப் பக்கமாகக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது.

அதன் விளைவை அளந்தும் பார்த்தேன். மூடிய கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள மேல் இடைவெளி, கீல் பக்கத்தில் 4 மில்லிமீட்டர். பூட்டுப் பக்கத்தில் 10 மில்லிமீட்டர். கீழே பூட்டுப் பக்க மூலை வாசற்படியில் உரசி, அங்கே பிறை வடிவத்தில் ஒரு தேய்மானம் விழுந்திருக்கிறது. நிலையில் உள்ள ஸ்ட்ரைக்கர் தகடுகளில் பூட்டின் கொக்கி புகவேண்டிய துளைக்கு அடி விளிம்பு மட்டும் சுரண்டப்பட்டுப் பளபளக்கிறது. அதாவது ஒவ்வொரு முறையும் கொக்கி துளைக்குள் போகாமல் விளிம்பில் முட்டுகிறது; கைப்பிடியைத் தூக்குகிறவர் தன் கைப்பலத்தால் கதவையே தூக்கி உள்ளே திணிக்கிறார்; அந்தப் பலம் அத்தனையும் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் சிறிய உலோகத் துண்டின்மேல் இறங்குகிறது. இதற்கு மேல் வெயில் வேறு. யு.பி.வி.சி. சட்டம் வெப்பத்தில் நீளும் பொருள். இரண்டு மீட்டர் நீளச் சட்டம் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும். காலையில் ஒருவாறு பூட்டும் கதவு, மேற்கு வெயில் விழும் பிற்பகலில் அடியோடு பூட்ட மறுப்பது இதனால்தான். இந்த நிலையில் கைப்பிடியையும் கியர் பாக்ஸையும் எத்தனை முறை மாற்றினாலும் அவை உடையத்தான் செய்யும். கியர் பாக்ஸை மாற்றிய மூன்றாம் வாரமே, ஜூலை மாதத்தில், புதிய கைப்பிடி மீண்டும் இறுகிவிட்டது.

ஜன்னல்களின் குறை வேறு வகை. தங்கள் விலைப்புள்ளியில் ஜன்னல்களுக்கு திறந்த இடத்திலேயே ஜன்னலைப் பிடித்து நிறுத்தும் 16 அங்குல ஃபிரிக்ஷன் ஸ்டே கீல், 304 தர எவர்சில்வர், காற்றில் கதவு விரியத் திறந்து அடிக்காமல் பிடித்துக்கொள்ளும் தடுப்புக் கை ஆகிய மூன்றும் எழுதப்பட்டுள்ளன. மேற்குப் பக்கத்து ஐந்து ஜன்னல்களிலும் நான் அளந்த கீல் 12 அங்குலம். தடுப்புக் கை ஒன்றில்கூட இல்லை. கீலின் ஆணிகளைச் சுற்றிப் பத்து மாதத்துக்குள் பழுப்பு நிறத்தில் துரு பூத்துவிட்டது. விரலால் தேய்த்தால் பொடியாக ஒட்டுகிறது. அடுக்களை ஜன்னலின் கீழ்க் கீல் வளைந்து, மூடினாலும் ஒரு மூலையில் விரல் நுழையும் இடைவெளி நிற்கிறது. மழைக்கு அசையாத அந்த ஜன்னல் வழியாகத்தான் இப்போது தினமும் புழுதி அடுப்புமேல் வந்து விழுகிறது.

ஜூலையில் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது இரண்டு பதில்கள் கிடைத்தன. காற்றினால் ஏற்படும் சேதம் உத்தரவாதத்தில் அடங்காது என்பது ஒன்று. வேண்டுமானால் கதவையும் அடுக்களை ஜன்னலையும் கண்ணாடியோடு புதிதாக மாற்றித் தருகிறோம், 38,000 ரூபாய் ஆகும் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்க முடியாது.

பணகுடியில் காற்று ஒரு விபத்து அல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் காற்று ஆண்டுதோறும் வைகாசிக் கடைசியில் கிளம்பி ஆனி, ஆடி முழுவதும் அடிக்கிறது. அதை நம்பித்தான் முப்பந்தலிலிருந்து எங்கள் ஊர்ப்பக்கம் வரை காற்றாலைகள் நிற்கின்றன. அளவெடுக்க வந்த தங்கள் அலுவலரை நான் மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று, அந்தக் காற்றாலைகளைக் காட்டி, இந்தக் காற்றுக்குத் தாங்குமா என்று கேட்டேன். அதற்காகத்தான் பெரிய கீலும் தடுப்புக் கையும் போடுகிறோம் என்று சொல்லி, அதை விலைப்புள்ளியிலும் அவரே எழுதினார். எழுதிக் கொடுத்ததைப் பொருத்தாமல் விட்டுவிட்டு, இப்போது காற்றின்மேல் பழி போடுவது நியாயமாகாது.

இரண்டாவது பதிலைப் பொறுத்தவரை, கதவையும் கண்ணாடியையும் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. சட்டம் வளையவில்லை, கண்ணாடி மங்கவில்லை. பீடிங்கைக் கழற்றி, கதவைத் தூக்கிச் சதுரத்துக்குக் கொண்டுவந்து, உரிய இரண்டு மூலைகளிலும் பேக்கரை இறுக்கி, அதன் பிறகு கதவின் கீல்களை ஆலன் சாவியால் திருப்பி உயரத்தையும் பக்கவாட்டையும் சரிசெய்து, கடைசியாக ஸ்ட்ரைக்கர் தகடுகளை கொக்கிக்கு நேராக நகர்த்தினால், என் கணிப்பில் இது அரை நாள் வேலை. நல்ல கண்ணாடியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக விற்பது பழுது பார்ப்பது ஆகாது.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது இதுதான். கண்ணாடி பொருத்தும் வேலை தெரிந்த ஒருவரை அனுப்பி, மேலே சொன்ன வரிசையில் புறவாசல் கதவைச் சரிசெய்து, ஒரு மாதம் திணறிய அந்த கியர் பாக்ஸையும் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். ஐந்து ஜன்னல்களிலும் விலைப்புள்ளியில் உள்ள அளவிலும் தரத்திலும் கீல்களையும் தடுப்புக் கைகளையும் பொருத்த வேண்டும். கீலின் தரத்தை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். கதவுக்குச் செய்த தவறான சிகிச்சைக்கு நான் கொடுத்த 2,250 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். பூட்டின் அளவு விவரத்தையும் எழுதிக் கொடுங்கள். கைப்பிடிக்கும் சாவித் துளைக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்பது தெரிந்தால்தான் பிற்காலத்தில் எந்தக் கடையிலும் சரியான உதிரிப்பாகத்தைக் கேட்டு வாங்க முடியும். பணியாளர்கள் காலை ஏழு மணிக்கு வந்தால் நல்லது. வெயில் ஏறிச் சட்டம் நீண்ட பிறகு அளவு பார்த்தால் மறுநாள் காலையில் அது பொருந்தாது. காற்று வலுத்த பிறகு ஜன்னல் கதவைக் கழற்றிக் கையில் பிடிப்பது அவர்களுக்கும் ஆபத்து.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் வேலை முடியாவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி திருநெல்வேலியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். நுகர்வோர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அச்சட்டம் இடமளிக்கிறது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்வேன். அந்த வழிக்குப் போக எனக்கு விருப்பமில்லை. தங்கள் பணியாளர் வந்து கதவைச் சரிசெய்வதே எனக்கு வேண்டியது.

விலைப்புள்ளி, பணம் செலுத்திய ரசீது, இரண்டு பழுதுக் கட்டண ரசீதுகள், பேக்கர் இல்லாத மூலைகள், சுரண்டிய ஸ்ட்ரைக்கர் தகடு, துருப்பிடித்த கீல் ஆகியவற்றின் புகைப்படங்கள், என் தாயாருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

புறவாசல் கதவை இப்போது நாங்கள் பகலில் மூடுவதில்லை. அம்மிக் குழவியை அண்டக் கொடுத்துத் திறந்தே வைத்திருக்கிறோம். என் தாயார் துணி எடுக்கப் போகும்போது கழுத்தில் முன்வாசல் சாவியைக் கயிற்றில் கட்டிப் போட்டுக்கொள்கிறார்கள். தங்கள் பணியாளர் வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், நான் பள்ளிக்கு விடுப்பு எடுத்து வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
பணகுடி.