எந்த மாதத்தில் சொல்லட்டும், முதலாளி?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடை முதலாளிமார்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கும் நேரத்தில் உங்களுக்குக் கடிதம் படிக்க நேரமிருக்காது. எனக்கும் எழுத நேரமில்லை. ராத்திரி பத்தே முக்காலுக்கு வீடு வந்து, கால்களை வெந்நீர் பக்கெட்டில் வைத்துக்கொண்டு போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடை பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், "ஓ, அந்தக் கடையா" என்று மற்றவர்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். எங்கள் செக்‌ஷனில் ஆறு வருஷம் நின்ற ஓர் அக்கா. நாள் தள்ளிப்போனதுமே மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னார். லீவு கேட்கவில்லை, சம்பளம் ஏற்றிக் கேட்கவில்லை. "ஏணி மேல மட்டும் ஏத்தாதீங்க சார்" என்றார், அவ்வளவுதான். மேனேஜர் சிரித்த முகமாக, "ரொம்ப சந்தோஷம்மா. இந்த மாசத்தோட கணக்கு முடிச்சுக்கோ. டெலிவரி ஆகி, கொழந்தை கொஞ்சம் நடக்கட்டும், அப்புறம் வா, பாத்துக்கலாம்" என்றார். கால் கிலோ மைசூர்பாகும் வாங்கிக் கொடுத்தார். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு குறை மட்டும்தான் சொன்னேன் என்று ஆகிவிடக் கூடாது.

அன்றைக்கு எனக்கு ஏழாவது வாரம். அந்த மைசூர்பாகில் ஒரு துண்டு எனக்கும் வந்தது. வாயில் போட்டுக்கொண்டு நான் ஒன்றும் பேசவில்லை.

அன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன், எந்த மாதத்தில் சொன்னால் வேலை தங்கும் என்று. ஆடியில் சொல்ல முடியாது, தள்ளுபடி. ஆவணியில் முகூர்த்தம். புரட்டாசியில் தீபாவளிச் சரக்கு வந்து இறங்குகிறது, ஒரு கை குறைந்தாலும் கத்துவீர்கள். ஐப்பசியில் வாயையே திறக்க முடியாது. அப்புறம் ராயபுரத்து ஜனங்களுக்குக் கிறிஸ்துமஸ், எல்லோருக்கும் பொங்கல், தையில் மறுபடி முகூர்த்தம், மண்ணடிப் பக்கத்துக்கு ரம்ஜான். கோபித்துக்கொள்ளாமல் உங்கள் காலண்டரை எடுத்து, பிள்ளை உண்டாக ஒரு மாதத்தில் வட்டம் போட்டுக் கொடுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிவைக்கிறேன்.

வீட்டில் மாமியார் கணக்கு வேறு. "மூணு மாசம் முடியாம வெளிய சொல்லாத, கண்ணு பட்டுடும்" என்பார். அரசாங்கத்தின் கணக்கு இதற்கு நேர் எதிர். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்து பிக்மி நம்பர், அதாவது கர்ப்பப் பதிவு எண், வாங்கச் சொல்கிறது; அதை வைத்துத்தான் கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் சத்துப் பெட்டியுமாக 18,000 ரூபாய் வரும். எங்களுக்கு அது சின்னப் பணமில்லை. அதனால் நர்ஸிடம் பதிந்ததை மாமியாருக்கும், பிள்ளை உண்டானதையே உங்களுக்கும் மறைத்து என் வாழ்க்கை ஓடியது. கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போவதாகச் சொல்லி அரை நாள் வாங்கினேன். யோசித்தால் முழுப் பொய்யும் இல்லை, ஒரு பெயர் சேரத்தானே போகிறது.

அங்கே நர்ஸ் கேட்டார்: "இன்னா வேல பாக்குற? நிக்கிற வேலயா?" ஆமாம் என்றேன். "எத்தினி நேரம்?" பதினோரு மணி நேரம் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஓனராண்ட சொல்லி உக்காந்து பாக்குற வேல கேளு" என்றார். சத்துமாத்திரைப் பட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஓனரிடம் சொல்வதாம்.

நான் காசிமேட்டுப் பெண். வலை காயும் வாசத்திலும் கருவாட்டு வாசத்திலும் வளர்ந்தவள், அதற்கெல்லாம் எனக்குக் குமட்டவில்லை. பார்சல் பிரித்ததும் வருகிற புது பாலியஸ்டர் வாசம்தான் குடலைப் புரட்டியது. பாத்ரூம் மூன்றாவது மாடியில். ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை போனால் சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்ப்பார். முந்தானையில் ஒரு எலுமிச்சம்பழத்தை முடிந்துகொண்டு, மோந்து மோந்து அந்த இரண்டு மாதத்தைத் தள்ளினேன். இப்போது ஐந்தாவது மாதம். யூனிபார்ம் சேலையின் கொசுவத்தை மேலே ஏற்றி, மடிப்பை அகலமாக விட்டுப் பின் குத்துகிறேன். "சாப்பாடு நல்லா ஏறுது போல" என்றார் மேனேஜர். ஆமாம் சார் என்று சிரித்தேன்.

போன வாரம் நடந்த ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு குடும்பம் வளைகாப்புப் புடவை எடுக்க வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏழாவது மாதம். எங்கள் முதலாளியே கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "மாசமா இருக்கிற புள்ள, நிக்க வைக்காதீங்க" என்று தன் நாற்காலியைப் போடச் சொன்னார். ஃபேனைத் திருப்பச் சொன்னார். சாத்துக்குடி ஜூஸ் வந்தது. சொல்கிறேனே, மனுஷர் உள்ளத்திலிருந்துதான் செய்தார், நடிப்பே இல்லை. அந்தப் பெண்ணுக்கு எதிரே கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று, நான் அரக்கு, பச்சை, மாம்பழக் கலர் என்று ஒவ்வொன்றாக விரித்தேன். ஒன்றே கால் மணி நேரம். நாற்பதுக்கு மேல் விரித்திருப்பேன். மேல் ரேக்கில் இருந்ததைக் கேட்டார்கள், ஏறினேன். இறங்கும்போது அடிவயிற்றில் ஒரு பிடி பிடித்தது. ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். எப்படித் தெரிந்ததோ. ஜூஸ் கிளாஸை என் பக்கம் நகர்த்தி, "அக்கா, உங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்று மெதுவாகக் கேட்டாள். முதலாளி இரண்டடி தள்ளி நின்றிருந்தார். "அதெல்லாம் இல்லம்மா" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் காதில் கேட்டது. வயிற்றில் இருக்கிற பிள்ளையை இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதைச் சொல்ல வைத்தது யார் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

1961-ல் வந்த பேறுகாலச் சட்டத்திலிருந்தே, பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் அதற்கு முன் ஒரு மாதத்துக்கும், கர்ப்பிணி கேட்டால் நெடுநேரம் நிற்கிற வேலை கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. 'கேட்டால்.' கேட்க வேண்டுமானால் முதலில் சொல்ல வேண்டும். சொன்னால் மைசூர்பாகு.

ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு, பிடிக்கிற கடைக்கு அந்தச் சட்டம் இல்லை, ஈஎஸ்ஐ சட்டம்தான் என்று உங்கள் ஆடிட்டர் சொல்வார். சரி, அதையே பார்ப்போம். என் 12,000 சம்பளத்தில் மாதம் 90 ரூபாய் பிடிக்கிறீர்கள், உங்கள் பங்கு 390. அதற்குத்தான் பிரசவத்தில் 26 வாரச் சம்பளத்தை ஈஎஸ்ஐ கொடுக்கிறது. உங்கள் கல்லாவிலிருந்து அல்ல. அந்தப் பணம் வாங்குகிற காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, இரண்டாவது மாதத்திலேயே சிரித்த முகமாகக் கணக்கு முடித்துவிடுகிறீர்கள்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். சொன்ன நாளிலேயே வேலை உறுதி என்று எழுதிக் கொடுங்கள். வாயால் வேண்டாம், எழுத்தில்.

தொழிலாளர் துறை அதிகாரிகளும் இதைப் படித்தால் நல்லது. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்தினீர்கள். நன்றி. எங்கள் மாடிக்கும் ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. நீங்கள் வருகிற அன்று அவை கவுன்ட்டருக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். மற்ற நாளில் மேல் ரேக்கை எட்டுவதற்கு நாங்கள் அவற்றின் மேல் ஏறி நிற்போம். அதே வருஷம் ஜூலையிலிருந்து அரசு ஊழியர்களுக்குப் பேறுகால விடுப்பு பன்னிரண்டு மாதம் ஆயிற்று. சந்தோஷம்தான், பொறாமையெல்லாம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. அவர்கள் பெறுவதும் பிள்ளை, நாங்கள் பெறுவதும் பிள்ளைதானே? எங்களுக்கு ஒரு வருஷம் கூட வேண்டாம் சாமி, ஒரு ஸ்டூல் போதும், அதிலும் ஏறுவதற்கு வேண்டாம், உட்காருவதற்கு.

எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அட்டெண்டன்ஸ் மிஷினுக்கு மேலே "செல்போன் அனுமதி இல்லை" என்று ஒட்டியிருக்கிறீர்களே, அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாளுக்கு இடம் இருக்கிறது. "கர்ப்பம் என்று சொல்லும் பெண்ணுக்கு வேலை உறுதி. ஏணி வேலை கிடையாது. உட்கார ஸ்டூல் உண்டு" என்று தயவுசெய்து எழுதி, கீழே முதலாளி கையெழுத்துப் போட்டு ஒட்டுங்கள். ஆடியில் அனுப்பிய அந்த அக்காவுக்கு ஒரு போன் போடுங்கள். அவர் போட்டால் உங்கள் ஆட்கள் எடுப்பதில்லையாம். அவருக்கும் இப்போது ஐந்தாவது மாதம்தான், பில் போடுகிற இடத்தில் உட்கார வைத்தால் கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர். தாள் ஒட்டிய மறுநாள் நானே வந்து சொல்கிறேன், யாரும் கேட்க வேண்டியதில்லை.

பெயர் போடாததற்குக் கோபிக்க வேண்டாம். போனஸ் இன்னும் கைக்கு வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் ஒன்றில், ஏதோ ஒரு மாடியில், ஐந்து மாதமாக நின்றுகொண்டிருக்கும் சேல்ஸ் கேர்ள்