எந்தத் தகடு கூடும், எது கூடாது? எழுத்தில் சொல்லுங்கள்

போக்குவரத்துத் துறை உயர் அலுவலர்களுக்கு வணக்கம்.

பதிவைப் புதுப்பிக்க என் பழைய டீசல் காரை அண்மையில் ஆய்வுக்குக் கொண்டுபோனேன். காற்றுத் தடையைக் குறைக்க அடிப்பாகத்தில் நான் மாட்டியிருந்த அலுமினியத் தகட்டைக் கழற்றினால்தான் வண்டியைப் பார்ப்பேன் என்றார் ஆய்வாளர். எந்த விதிப்படி என்று கேட்டதற்கு, "மாற்றம் செய்யக் கூடாது" என்பது மட்டுமே பதில். அதை எழுதித் தரவும் மறுத்துவிட்டார். ஸ்பேனர் இரவல் வாங்கி, அலுவலக வாசல் மண்ணில் மல்லாந்து படுத்து, சூடு ஆறாத சைலன்சருக்குப் பக்கத்தில் கையை நுழைத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினேன். முழங்கை வெந்தது, தகடும் கோணிப்போனது. எனக்கு முன்னால் நின்ற வண்டியோ முகப்பில் இரும்புக் கம்பித் தடுப்புடன் தேறிச் சென்றது. அந்தத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது உங்களுக்குத் தெரியும். மோதினால் ஆளைக் கொல்லும் கம்பிக்கு அனுமதி, டீசலை மிச்சப்படுத்தும் தகட்டுக்குத் தடை. இது என்ன நியாயம்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை நீங்கள் அறிவீர்கள். வாகனத்தின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் அது "மாற்றம்" என்கிறது. போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் தகடு எந்த அடிப்படை அம்சத்தை மாற்றியது?

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்; வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப் போல நான்கு மடங்கை 100இல் வண்டி தள்ளியாக வேண்டும். அடிப்பாகத்தின் மேடுபள்ளங்களில் காற்று சிக்கிச் சுழல்வதும் அதில் ஒரு பங்கு. அதனால்தான் இன்று கார் நிறுவனங்களே அடித்தகடு பொருத்துகின்றன. 1970களில் நாசா பொறியாளர்கள் ஒரு பழைய வேனுக்கு அலுமினியத் தகடு அடித்துச் சோதித்தார்கள். முன்பக்க விளிம்புகளை வளைத்ததிலேயே காற்றுத் தடை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நகர நெரிசலில் இதனால் பெரிய பயன் இல்லை. நாளும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவனுக்கு இது மாதச் செலவைத் தொடும் விஷயம்.

எல்லாவற்றையும் அனுமதியுங்கள் என்று நான் கேட்கவில்லை. காற்றுத் தடையைக் குறைக்கிறேன் என்று நம் ஊர் வெயிலில் ரேடியேட்டர் முகப்பை அடைத்தால் எஞ்சின் கொதிக்கும். சக்கரத்தை இறுக மூடினால் பிரேக்கின் சூடு வெளியேறாது. சரியாகப் பிணைக்காத தகடு கழன்று பறந்தால் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஆய்வு தேவை, கண்டிப்பும் தேவை. அந்தக் கண்டிப்பு எழுத்தில் இருக்கட்டும் என்கிறேன்.

எவை கூடும், எவை கூடாது, எப்படிப் பிணைக்க வேண்டும், தரையிலிருந்து எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஒரு பட்டியலை வெளியிடுங்கள். அதை எல்லா வட்டார அலுவலகங்களிலும் தமிழில் ஒட்டுங்கள். மறுக்கும் ஆய்வாளர் காரணத்தை எழுதித் தரும்படி ஆணையிடுங்கள். என் வண்டி மீண்டும் ஆய்வுக்கு வருவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் ஒரு கார் உரிமையாளர்